கொமிசேர் காதுக்குப் போகாத பதில்

சவரி,

உன் கப்பல் வெள்ளிக்கிழமை. இன்று திங்கள். இந்தக் கடிதத்தை உன் பெட்டிக்குள், சட்டைகளுக்கு அடியில் வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். சைகோனுக்குப் பாதித் தூரத்தில் நீ அதை எடுத்துப் படிப்பாய். எவ்வளவு கோபம் வந்தாலும் கடலில் இறங்கித் திரும்பி வர முடியாது. நல்ல யோசனை. கோழைக்கு நல்ல யோசனை. எனக்கு வருகிற யோசனைகளில் பாதி அப்படித்தான். அதனால் இதை உறையில் போடவில்லை, ஒட்டவில்லை. நாளைக் காலை நீ காப்பி குடிக்கிற மேசையின்மேல் விரித்து வைப்பேன். உன் அம்மா படித்தாலும் படிக்கட்டும், யார் படித்தாலும் படிக்கட்டும். ஒருவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் இன்னொருவர் காதில் போடுவதற்குத்தான் போலீசுக் கச்சேரியில் எனக்குச் சம்பளம். இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு நாள் குறைத்தேன். அது உன்னைப் பற்றியது.

முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் சுற்றிச் சுற்றி வந்து புத்திமதியோடு முடித்துவிடுவேன். வைத்திக்குப்பத்தில் தேகப்பயிற்சி பழக்கிய கசரத்து வாத்தியார் எத்திராசு உன்னிடம் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப் போகவில்லை. அவரைக் கோரிமேட்டில் பிரெஞ்சு எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டார்கள். அன்று அவருக்கும் எங்கள் போலீசு அதிகாரி கொமிசேருக்கும் நடுவில் துபாஷியாக நின்றவன் நான். ஒரு கேள்விக்குப் பதிலாக அவர் உன் பெயரைச் சொன்னார். அந்தப் பதிலை நான் பிரெஞ்சில் சொல்லவில்லை. அவர் சொன்னது முழுவதும் எனக்கு மனப்பாடம். எழுதுகிறேன், ஆனால் கடைசியில். அதற்கு முன்னால் சிலவற்றை நீ தெரிந்துகொள்ள வேண்டும். என்னை மன்னிக்க அல்ல. மன்னிப்புக் கேட்டு எழுதப்படும் மனுக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்றையும் நான் நம்பியதில்லை.

நான் யாரையும் நம்புகிறவன் அல்ல, உனக்குத் தெரியும். தெருக்கதவுச் சாவியை இடுப்புக் கயிற்றில் கட்டிக்கொண்டு தூங்குகிற ஒரே மனிதன் இந்தத் தெருவில் நான்தான் என்று உன் அம்மா சொல்வாள். பால்காரன் அளக்கும்போது எட்டிப் பார்ப்பேன். ஞாயிறு பூசை முடிந்து சாமியார் தோளைத் தட்டிப் பேசினால், எதற்குத் தட்டுகிறார் என்று வீடு வரும்வரை யோசிப்பேன். இந்தக் குணம் கச்சேரி வேலையில் வந்தது என்று நீ நினைத்திருப்பாய். இல்லை. தபாலில் வந்தது.

நீ பிறந்த வருஷம் பிரான்சில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. நம் தெருவில் என் வயதுக்காரர்கள் பட்டாளத்துக்குப் பெயர் கொடுத்தார்கள். துபாஷி வேலைக்கு ஆள் வேண்டும் என்று மேலிடத்தில் என்னை விடவில்லை என்று உன்னிடம் சொல்லி வளர்த்தேன். நீ அதைப் பள்ளிக்கூடத்தில் போய்ப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். உண்மை வேறு. நானும் பெயர் கொடுத்தேன். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். ஒரு நாடாவை மார்பைச் சுற்றிப் போட்டார்கள். நாடாவைப் பிடித்தவன் டாக்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். இரண்டு விரற்கடை குறைவு. அடுத்த ஆள். அவ்வளவுதான். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அதற்குப் பிறகு பம்பாயிலிருந்து ஒரு கருவி வரவழைத்தேன். இரண்டு கைப்பிடி, நடுவில் ஐந்து கம்பிச் சுருள். கூடவே ஒரு சின்னப் புத்தகம். அதன் அட்டையில் முறுக்கு மீசைக்காரன் ஒருவன் மார்பை உப்பிக்கொண்டு நின்றான். நாற்பது நாளில் நானும் அவனைப் போல் ஆகிவிடுவேன் என்று எழுதியிருந்தது. கொல்லைப்புறத்தில் ஒளிந்து நின்று இழுத்தேன். முப்பத்தைந்தாம் நாளோ என்னவோ, ஒரு சுருள் அறுந்து முகத்தில் அடித்தது. என் இடது புருவத்துத் தழும்பு அதுதான். சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்று உன்னிடம் சொன்னேனே, அந்த நாளில் என்னிடம் சைக்கிளே கிடையாது. கருவிக்குப் பிறகு மருந்துக்கடை இரும்புச்சத்துத் திராட்சை ரசம். பிறகு பச்சை முட்டை. பிறகு சூரியனைக் கண்கொட்டாமல் பார்த்தால் ரத்தம் ஊறும் என்று சொன்ன ஒரு காவிக்காரர். எல்லாவற்றையும் செய்தேன். எல்லாரும் என்னிடம் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள்: ‘உன்னிடம் ஒன்று குறைகிறது, அது என்னிடம் இருக்கிறது.’ அதிலிருந்து, பலம் தருகிறேன் என்று யார் சொன்னாலும் எனக்குக் கை தானாகப் புருவத்துக்குப் போகும்.

போதாததற்கு நம் ஊர். அமைதி தேடி வருகிறவர்களும், இங்கிலீஷ்காரன் போலீசுக்குத் தப்பி வருகிறவர்களும், அவர்களை வேவு பார்க்க வருகிறவர்களும் ஒரே ரயிலில்தான் வந்து இறங்குகிறார்கள். மூன்று பேரும் ஒரே மாதிரி வெள்ளை வேட்டி, ஒரே மாதிரி துணி மூட்டை. மூன்று பேரும் கடற்கரையில் கண்ணை மூடி உட்காருகிறார்கள். இதில் எவன் எவன் என்று கண்டுபிடிக்கிற இடத்தில் எனக்கு வேலை. அப்படிப்பட்டவன் மகன், ஒரு நாள் விடியலில் கொல்லைச் சுவர் ஏறிக் குதித்தான்.

முதல் நாள் பூனை என்று நினைத்தேன். மூன்றாம் நாள் சுவரில் உன் கால் பெருவிரல் தடத்தைப் பார்த்தேன். கேட்டால் சொல்லியிருப்பாய். நான் கேட்கவில்லை. கேட்பது என் வழக்கமில்லை, பின்தொடர்வதுதான் வழக்கம். நீ வடக்கே கடலோரமாக நடந்தாய். நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். வைத்திக்குப்பத்தில் கரைக்கு இழுத்துப் போட்ட கட்டுமரங்களுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். குப்பத்துப் பையன்கள் பத்துப் பன்னிரண்டு பேர், அவர்களுக்கு நடுவில் நீ. கோவணத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். உன்னுடையது மட்டும் வெள்ளையாக இருந்தது. கர்லாக்கட்டை சுற்றிக்கொண்டிருந்தீர்கள். ஐம்பது வயதிருக்கும் ஒரு மனிதர், ஒல்லி, மீசை இல்லை. அட்டைப்படத்துக்கு ஆகாத உடம்பு. முதலில் அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

“டேய் மாரி, கட்டயத்தான் சுத்தச் சொன்னேன். நீ ஏன்டா சேந்து சுத்தற, ராட்டினமாட்டம்?” என்று ஒருவனைக் கேட்டார். எல்லாரும் சிரித்தீர்கள். நீ சிரித்து நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

பிறகு கட்டைகளைக் கீழே வைத்துவிட்டுக் கடலைப் பார்த்து உட்கார்ந்தீர்கள். அவர் உன்னிடம் வந்து முதுகில் கை வைத்தார். “இழுக்காத சவரி. எல்லாரும் மூச்ச இழுக்கத்தான் பாக்கறான். மொதல்ல இருக்கறத வெளில வுடு. எடம் காலியானா அதுவே வரும்.” சாமி பெயர் சொல்லவில்லை. மந்திரம் சொல்லவில்லை. ஒருவன் மட்டும் ‘முருகா’ என்றான். இன்னொருவன் சிலுவை போட்டுக்கொண்டான். அவர் இரண்டையும் கவனிக்கவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது. எதையாவது விற்றால் இன்னது விற்கிறான் என்று தெரிந்துவிடும். ஒன்றையும் விற்காதவன் எதற்கு விடியலில் எழுந்து வருகிறான்?

அப்போது எனக்குப் பின்னால் ஒரு குரல். மீன்கூடையோடு ஒரு அம்மாள். “இன்னா முசியே, செருப்பக் கையில வச்சிக்கினு ஒளிஞ்சி நிக்கற? மீன் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?” குரல் நீ உட்கார்ந்திருந்த இடம்வரை கேட்டிருக்கும். நான் அவசரமாக நாலு சங்கரா மீன் வாங்கிக்கொண்டு நடந்தேன். வீட்டில் உன் அம்மா மீனையும் பார்த்தாள், என் காலில் ஒட்டியிருந்த மணலையும் பார்த்தாள். “வெள்ளிக்கிழமைதான மீனு, புதன்கிழமையில எதுக்குங்க? அதுவும் நீங்களே போயி?” என்றாள். சந்தேகப்படுவதில் அவளும் லேசுப்பட்டவள் அல்ல. அதை வெளியில் காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

அந்த வாரமே சாப்பிடும்போது பேச்சைத் தொடங்கினேன். ஊருக்கு வரும் அந்நியர்களைப் பற்றிப் பொதுவாகப் பேசினேன். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே, “எல்லாரும் அப்படி இல்லப்பா” என்றாய். “எப்படித் தெரியும்?” என்றேன். “தெரியும்பா.” அவ்வளவுதான் நீ சொன்னது. இருபது வருஷம் உனக்கு நான் சாட்சியும் ஆதாரமும் கேட்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நீ ஒரே சொல்லில் ‘தெரியும்’ என்கிறாய். அப்படி நீ என்னைப் பற்றி என்றைக்காவது சொல்லியிருப்பாயா என்று நினைத்தேன்.

வாத்தியாரைப் பற்றிக் கச்சேரிக்கு வந்த மொட்டைக் கடிதம் நான் எழுதியதல்ல. நீ அதைத்தான் முதலில் நினைப்பாய். உன் இடத்தில் நானும் அதைத்தான் நினைப்பேன். யாரோ எழுதிப் போட்டார்கள்: எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆள், குப்பத்துப் பையன்களைக் கூட்டிவைத்துத் தடி பழக்குகிறான் என்று. கொமிசேர் கெட்டவர் அல்ல. அவருக்கு அன்று பல்வலி. வாத்தியாரைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். வழக்கமான கேள்விகள். ஊர், பெயர், தொழில். “என்ன சொல்லிக்கொடுக்கிறாய்?” “உடம்பு நேரா நிக்கறதுக்கு, மூச்சு வுடறதுக்கு.” கொமிசேர் என்னைப் பார்த்துச் சிரித்தார்: மூச்சு விடவும் வாத்தியாரா? நானும் சிரித்தேன்.

பிறகு அந்தக் கடைசிக் கேள்வி. அங்கே எல்லா அந்நியர்களிடமும் அவர் கேட்பது. “இந்த ஊரில் உனக்குப் பொறுப்புச் சொல்ல யாராவது உண்டா?” இதற்கு ஒரு பெயர் வந்தால் போதும். ஒரு சிப்பாயை அனுப்பி அந்த ஆளைக் கூப்பிடுவார். அவன் பிரெஞ்சுப் பிரஜையாக இருந்து, இவரை எனக்குத் தெரியும் என்று கையெழுத்துப் போட்டால் விஷயம் முடிந்தது. பெயர் வராவிட்டால் கோரிமேடு. நான் கேள்வியைத் தமிழில் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துப் பதில் சொன்னார். அவருக்கு நான் யாரென்று தெரியாது. உன் அப்பா சர்க்கார் உத்தியோகம் என்று மட்டும் நீ சொல்லியிருக்கலாம். சின்னப் பதில் இல்லை, ஏழெட்டு வாக்கியம். எடுத்த எடுப்பிலேயே உன் பெயர் வந்துவிட்டது.

கொமிசேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நான் சொன்னேன்: “ஒருவரும் இல்லையாம், முசியே.” ஏழெட்டு வாக்கியத்துக்கு ஒரே வரி. வேறு நாளாக இருந்தால் அவர் அதைக் கவனித்திருப்பார். பல்வலி.

வாத்தியாருக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் உன் பெயர் எந்த மொழியிலும் உன் பெயர்தானே. அது என் வாயிலிருந்து வரவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் தோளைப் பார்த்தார். உனக்கும் எனக்கும் வலது தோள் சற்று இறங்கியிருக்கும். உன் அம்மா சட்டை தைக்கக் கொடுக்கும்போதெல்லாம் தையற்காரனிடம் சொல்வாள். உடம்புகளைப் பார்த்தே பிழைத்த மனிதர். அங்கேயே நின்றது அவர் பார்வை. அவர் கத்தியிருக்கலாம். கொமிசேரின் கையைப் பிடித்து உன் பெயரைத் திரும்பச் சொல்லியிருக்கலாம். செய்யவில்லை. மெதுவாக, “முசியே, மூச்சப் புடிச்சிக்கினு நிக்கறீங்க. வுடுங்க” என்றார். அப்போதுதான் தெரிந்தது, பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

“என்ன சொல்கிறான்?” என்று கேட்டார் கொமிசேர். “நன்றி சொல்கிறான்” என்றேன். அது இரண்டாவது பொய்.

ஏன் செய்தேன் என்பதற்கு அன்றைக்கே எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. சைகோன் உத்தியோகத்துக்கு நீ கேட்டிருந்த நன்னடத்தைப் பத்திரம் அதே மேசைமேல், அதே கொமிசேரின் கையெழுத்துக்காகக் கிடந்தது. உன் பெயர் இந்த விவகாரத்தில் வந்தால் அந்தப் பத்திரம் வராது. நல்ல காரணம். எந்தத் தகப்பனும் ஒப்புக்கொள்கிற காரணம். இரண்டு மாதம் அதைச் சொல்லிச் சொல்லியே ஓட்டினேன். பிறகு அதன் அடியில் இன்னொரு காரணம் தென்பட்டது: நீ ‘தெரியும்பா’ என்று சொன்ன அந்த மனிதர் ஊரை விட்டுப் போகவேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். அதற்கும் அடியில் ஒன்று இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நீ அடுத்த நாள் போனாய். குடிசை பூட்டியிருந்தது. கட்டைகள் வெளியில் கிடந்தன. குப்பத்துப் பையன்களுக்கும் தெரியவில்லை; அவரைக் கூட்டிப் போனபோது அவர்கள் கடலுக்குப் போயிருந்தார்கள். மூன்று காலை சுவர் ஏறிப் போனாய். நான் படுத்துக்கொண்டே கேட்டேன், நீ குதிக்கிற சத்தத்தையும், சீக்கிரமே திரும்பி வருகிற சத்தத்தையும். நாலாம் நாள் சுவர் ஏறவில்லை. காப்பி குடிக்கும்போது நீயாகவே எல்லாவற்றையும் சொன்னாய், இத்தனை நாள் எங்கே போனாய், யாரிடம் பழகினாய் என்று. சொல்லிவிட்டு, “நீங்க சொன்னது சரிதாம்பா. ஆளப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியல. ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டாரு” என்றாய். உன் குரல் ஒரு மாதிரி இருந்தது. நான், “போகட்டும், இப்பவாவது தெரிஞ்சுதே” என்றேன். அன்று நன்றாகச் சாப்பிட்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் உனக்கு சைகோன் உத்தியோகத்துக்கான உடம்புப் பரிட்சை. நான் வராந்தாவில் நின்றேன். டாக்டர் நாடாவைப் போட்டு அளந்துவிட்டு, “நல்ல மார்பு. என்ன செய்தாய்?” என்று விசாரித்தது திரைக்கு வெளியில் கேட்டது. நீ பிரெஞ்சில் தெளிவாகச் சொன்னாய்: “மீன் எண்ணெய் குடித்தேன், முசியே.” நம் வீட்டில் அந்தப் புட்டியைத் திறந்தாலே வாந்தி எடுப்பவன் நீ. விடியல் விடியலாக உன் முதுகில் கை வைத்து நின்றவருக்கு அந்த ஒரு வாக்கியத்தில் இடம் இல்லாமல் போயிற்று. நான் செய்ததையே நீயும் செய்தாய். நான் தெரிந்து செய்தேன். நீ என்னால் செய்தாய்.

அதற்குப் பிறகு உன்னைக் கவனித்துக்கொண்டு வருகிறேன். அம்மா உனக்காக ஒன்பது நாள் செபம் தொடங்கியபோது, “இதுல உனக்கு இன்னாம்மா லாபம்?” என்று கேட்டாய். கூடப் படித்தவன் கப்பலுக்குத் தேவைப்படும் என்று கம்பளி கொண்டுவந்து கொடுத்தபோது, அவன் போன பிறகு அதைப் பிரித்து உதறிப் பார்த்தாய். போன வாரம் நீயே தெருக்கதவைத் தாழிட்டாய். தாழிட்டுவிட்டு இழுத்துப் பார்த்தாய். போய்ப் படுத்து, எழுந்து வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாய். உன் அம்மா என்னைப் பார்த்தாள். “அப்படியே உரிச்சு வச்ச மாதிரி” என்றாள். அவள் சிரிக்கவில்லை.

என் சந்தேகத்துக்கு ஒரு தழும்பாவது இருக்கிறது, சவரி. கம்பி அறுந்தது நிஜம், அடித்தது நிஜம். உன்னுடையதற்கு ஆதாரம் நான் விழுங்கிய ஒரு பதில் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு நீ ஒரு வேற்றூருக்குப் போய் ஆயுசு முழுவதும் கதவை இழுத்துப் பார்க்கப் போகிறாய். இதைத் தாங்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

நேற்று, ஞாயிறு பூசை முடிந்ததும் கோரிமேட்டுக்கு நடந்தேன். செருப்பு வாங்கப் போவதாக உன் அம்மாவிடம் சொன்னேன், அவள் நம்பவில்லை. சுங்கச்சாவடிக்கு அந்தப் பக்கம் ஒரு காப்பிக்கடை. கடைக்காரரிடம், மூன்று மாதத்துக்கு முன்னால் ஒல்லியாக ஒருவரைச் சிப்பாய்கள் கொண்டுவந்து விட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

“மூச்சு வாத்தியாரா? அவர மறக்க முடியுமா? இங்கதான் இந்தப் பலகையில ஒரு வாரம் கெடந்தாரு. விடிஞ்சா எந்திரிச்சி ரோட்டப் பாத்து நின்னுக்குவாரு. யாருக்கு நிக்கறீங்கன்னா, ஒரு புள்ள வந்தாலும் வருவான்னாரு.”

“வேறு யாராவது வந்து பார்த்தார்களா? கடிதம், கிடிதம்?”

“நீங்க போலீசா?”

“இல்லை.”

“கேக்கற மாதிரியப் பாத்தா போலீசாட்டம் கீது.” காப்பியை என் முன்னால் நங்கென்று வைத்தார். “ஒருத்தரும் வரல. பொறவு திண்டிவனம் போயிட்டாரு. ஏரிக்கரையோரம் தங்கச்சி வூடாம். எனக்கு முதுகுவலி இருந்துச்சி. போறதுக்கு முன்னாடி ரெண்டு நாளு நிக்கறதுக்குச் சொல்லிக் குடுத்தாரு. இப்ப இல்ல. போதுமா?”

திரும்பி வரும்போதும் யோசித்துக்கொண்டுதான் வந்தேன். அந்தப் ‘புள்ள’ நீதானா? முதுகுவலி தானாகப் போயிருக்காதா? சந்தேகத்தை விட என்னால் முடியவில்லை, நாற்பது வயதில் இனிமேல் மாறவும் மாட்டேன். அவர் உத்தமர் என்று உனக்கு நான் எழுதித் தரவில்லை. எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஓடிப் போகவில்லை.

சைகோனில் உன்னிடம் நிறையப் பேர் வருவார்கள். புட்டியோடு வருவார்கள், புத்தகத்தோடு வருவார்கள், செபமாலையோடும் வருவார்கள். தனியாக இருக்கிற பிள்ளையை அவர்களுக்கு வாசனையிலேயே தெரியும். உன்னிடம் ஏதோ குறைகிறது என்று தொடங்குகிறவனிடம் உட்காராதே. வீட்டுக்குச் சொல்லாதே என்பவனிடம் நிற்காதே. இந்த இரண்டையும் வைத்து வாத்தியாரைப் பல தடவை உரசிப் பார்த்துவிட்டேன். உன்னிடம் குறை என்று அவர் சொல்லவில்லை. இருப்பதை வெளியே விடு என்றார். வீட்டுக்குச் சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை; சுவர் ஏறியது உன் யோசனை, சாவியை இடுப்பில் கட்டியது என் யோசனை. என் தராசில் தேறியவர் அவர் ஒருவர்தான். தேறாதவன் யார் என்று உனக்கே தெரியும். உன்னிடம் எதையும் மறைக்காமல் வளர்த்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒருவன்.

இந்தக் கடிதம் கொமிசேரின் கைக்குப் போனால் என் வேலை போகும். அது உன் இஷ்டம். உன் பத்திரத்தில் கையெழுத்து ஆகிவிட்டது. அதற்கு இனி ஆபத்தில்லை. விடியலில் கோரிமேட்டிலிருந்து திண்டிவனத்துக்கு மோட்டார் இருக்கிறது. போய்விட்டு மறுநாள் வந்துவிடலாம். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. போகாமலும் இருக்கலாம். வெள்ளிக்கிழமை கப்பல்துறைப் பாலத்தின்மேல் நின்று நான் கை அசைக்கும்போது நீ வேறு பக்கம் பார்க்கலாம். அதற்கும் நான் தயாராக இருப்பதாக எழுத ஆசை. தயாராக இல்லை.

இனி அந்தப் பதில். ஊரில் உனக்குப் பொறுப்புச் சொல்ல யாராவது உண்டா என்று கேட்டதற்கு, வாத்தியார் எத்திராசு சொன்னது, கூட்டாமல் குறைக்காமல்:

“கீறான் சாமி. சவரின்னு ஒரு புள்ள, வேதக்காரப் புள்ள, தெனம் வருவான். அவனக் கூப்ட்டுக் கேளுங்க, பொய் சொல்ல மாட்டான். ஆனா அவங்க அப்பாவுக்குத் தெரியாமக் கூப்டுங்க. போன வருசம் டாக்டரு இவன மாரு பத்தலன்னு தள்ளிட்டாரு. பரிட்சையத் தள்ளி வச்சிட்டாங்கன்னு வூட்ல சொல்லி வச்சிக்கீறான். யுத்தத்தப்ப அவங்க அப்பாவயும் இதே மாதிரிதான் தள்ளினாங்களாம். தன்னோட கொற புள்ளைக்கும் வந்துடுச்சின்னு தெரிஞ்சா அந்த மனுசன் ஒடஞ்சிடுவாருன்னு, அதுக்குத்தான் சாமி செவுரு ஏறிக் குதிச்சி வரான்.”

என்னைத் தள்ளியதை உன் அம்மாதான் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். எத்தனை வருஷமாகத் தெரியும், சவரி? சைக்கிள் கதையை நான் சொல்லும்போதெல்லாம் முகம் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தாயே.

மூன்றாவது காரணம் இதுதான். அந்தப் பதிலைக் கொமிசேரிடம் பிரெஞ்சில் நான் சொல்லியாக வேண்டும். ‘அவன் அப்பாவையும் தள்ளினார்கள்’ என்று, என் வாயால், என் மேலதிகாரியிடம், கச்சேரியின் நடுவில். கொமிசேர் அந்த அப்பன் யார் என்று கேட்பார். அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். உன் பத்திரத்துக்காக அல்ல, பொறாமைக்காகக்கூட அல்ல. இரண்டு விரற்கடைக்காக.

இடுப்புக் கயிற்றை இன்று அவிழ்த்துவிட்டேன். காற்றில் பறக்காமல் இருக்க இந்தத் தாள்களின்மேல் தெருக்கதவுச் சாவியை வைக்கிறேன். எங்கே போவதானாலும் வாசல் வழியாகப் போ.